தாங்கும் சக்தி எங்கிருந்து வருகிறது?

எங்களுடைய கூட்டங்களிலும், மரணவீடுகளிலும், தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாப் பேச்சுக்களிலும் தவறாமல் வந்துவிழும் வசனம் ஒன்று உண்டு: 'எங்கட சனம் எதையும் தாங்கும்.' சொல்பவர் பெருமையோடு சொல்கிறார். கேட்பவர் தலையாட்டுகிறார். தாங்குதல் என்பது எமது இரத்தத்தோடு வந்த குணம், பனங்கொட்டையைப் போல எந்த மண்ணில் எறிந்தாலும் நாம் முளைப்போம் என்ற ஒரு கற்பிதம் அதற்குள் இருக்கிறது. இதை நேரடியாக மறுத்து எழுதினால் வீண் சண்டையாகிவிடும். ஆகையால் சற்று விலகி, ஒரு 400 கிலோமீற்றர் விலகி, மேலே நின்று இதைப் பார்க்கலாம் என எண்ணுகிறேன். மனித உடம்பும் மனமும் எதனை எவ்வளவு காலம் தாங்கும் என்பதை நாள்நாளாக அளந்து எழுதிவைத்த இடங்களில் விண்வெளி நிலையத்துக்கு நிகரானவை குறைவு.

இப்போது இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டென்மார்க்கின் முதலாவது விண்வெளி வீரரான அந்திரியாஸ் மொகென்சன் 2015ல் பத்து நாட்கள் போய்வந்தார். இரண்டாம் முறை 2023 ஆகஸ்ட் 26ல் புறப்பட்டு, நிலையத்தின் தளபதியாகவும் இருந்து, 199 நாட்களின் பின் 2024 மார்ச் 12ல் கடலில் இறங்கினார். அவரைக் கொண்டுபோன கலத்தின் பெயர் 'எண்டியூரன்ஸ்'. தாங்குதிறன் என்பதே அதன் பொருள். (அந்தக் கலத்துக்குத் தலைமை தாங்கிய ஜஸ்மின் மொக்பெலி என்ற பெண், 1979 புரட்சியின் பின் ஈரானைவிட்டு வெளியேறிய பெற்றோருக்கு ஜேர்மனியில் பிறந்தவர். எமது பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி இது. ஆனால் டெனிஷ் பத்திரிகைகளில் அதை நான் கண்டதாக நினைவில்லை.) நான் வேலை செய்யும் அவெடோர ஹோல்ம தொழிற்சாலையின் சாப்பாட்டறையில் அந்த வாரம் இதுதான் கதை. 'இரும்பு மனிதன்' என்றான் ஒரு டெனிஷ் நண்பன். ஒருகாலம் பௌதிகவியல் படிப்பித்த பழைய வியாதி எனக்கு இன்னும் மாறவில்லை. அரைமணி நேர இடைவேளையில் பத்து நிமிடத்தை அவன் இரும்பல்ல என்று விளக்குவதிலேயே செலவழித்தேன். அங்கே சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை என்று படித்தவர்களும் சொல்வார்கள். அது பிழை. 400 கிலோமீற்றர் உயரத்தில் புவியீர்ப்பு நிலத்தில் உள்ளதில் ஏறத்தாழ 90 வீதம் இருக்கிறது. நிலையம் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் அளவு வேகத்தில் அது ஓடுவதால், விழுகிற அளவுக்கே பூமியின் வளைவும் கீழே விலகிக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பவரும், அவருடைய கரண்டியும், நிலையத்தின் சுவரும் ஒரே ஆர்முடுகலோடு சேர்ந்து விழுகின்றன. ஒன்றுமட்டும் மற்றதை அழுத்துவதில்லை, தாங்குவதுமில்லை. ஆக, அங்கே உடம்புக்கு இல்லாமற் போவது ஈர்ப்பு அல்ல, பாரம். காலுக்கு உடலைச் சுமக்கும் வேலை இல்லை. முள்ளந்தண்டுக்குத் தலையைத் தாங்கும் வேலை இல்லை.

வேலை இல்லாத உறுப்பை உடம்பு என்ன செய்கிறது? எமது உடம்பு ஒரு கறாரான கணக்கப்பிள்ளை. உபயோகம் இல்லாத செலவை அது வெட்டிவிடும். இடுப்பு என்பிலிருந்து மாதத்துக்கு 1 முதல் 1.5 வீதம் வரை திணிவு குறையும். பூமியில் வயதான ஒரு பெண் ஒரு வருடத்தில் இழப்பதை அங்கே ஒரு மாதத்தில் இழக்கலாம். கரைந்த கல்சியம் சிறுநீரோடு போகும்போது சிறுநீரகத்தில் கல் உண்டாகும் அபாயமும் கூடுகிறது. தொடையும் கெண்டைக்காலும் மெலிகின்றன. கீழ்நோக்கி இழுபடாத குருதியும் நீரும் மேலே ஏறி முகம் வீங்குகிறது. உடலில் நீர் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் உடம்பு அதைக் குறைக்கிறது, குருதியின் அளவும் சுருங்குகிறது. நெடுநாள் இருந்தவர்கள் சிலருக்குக் கண்ணின் பின்பகுதி தட்டையாகிப் பார்வை மாறுவதும், பார்வை நரம்பு வீங்குவதும் 2011ல் இருந்து விரிவாக எழுதப்பட்டு வருகின்றன. இதற்கு முழுமையான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. இவற்றுட் பெரும்பாலானவை வருத்தம் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். உடம்பு தன் புதிய இடத்துக்கு ஒழுங்காக இசைந்துபோகிறது. அங்கேயே இருந்துவிடுவதென்றால் அரைவாசிப் பிரச்சினை இல்லை. திரும்பி வரவேண்டும் என்பதுதான் சிக்கலே.

இதைப் பார்க்க விண்வெளிக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை. கட்டிலே போதும். 1966ல் அமெரிக்காவின் டலஸ் நகரில், இருபது வயதளவிலான ஐந்து இளைஞரை மூன்று வாரம் கட்டிலில் படுக்கவைத்து அளந்தார்கள். உடம்பு உச்சமாக உள்ளெடுக்கக்கூடிய ஒக்சிஜனின் அளவு கால்வாசிக்கு மேல் வீழ்ந்துவிட்டது. முப்பது வருடத்தின் பின் அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் அளந்தபோது தெரிந்த உண்மை அதிர்ச்சியானது. முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து எடுத்ததைவிட மூன்று வாரக் கட்டில் கூடுதலாக எடுத்திருந்தது. அந்த முதல் ஆய்வில் முக்கிய பங்கெடுத்த சுவீடன்காரர் பெங்ற் சல்ரின் பின்னர் கோப்பன்ஹேகனில் பேராசிரியராகி, தசை பற்றிய ஆய்வுக்கு இந்த நகரத்தை உலகப் பெயர்பெற்ற இடமாக்கினார்.

ஹ்விடோவ்ரேயில் வசிக்கும் எங்களுக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் இருக்கிறது. கெட்டெகோர் அலேயில் இருக்கும் பெரிய வைத்தியசாலையைத் தெரியாத தமிழர் இந்தப் பக்கத்தில் இல்லை. எமது பிள்ளைகளில் எத்தனையோ பேர் பிறந்த இடம் அது. அங்கேதான் 1990களில் ஹென்றிக் கேலெற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், உலகம் முழுவதும் பின்னர் பின்பற்றிய ஒரு கேள்வியைக் கேட்டார்: குடலில் சத்திரசிகிச்சை செய்த நோயாளியை ஏன் ஒரு வாரத்துக்கு மேல் படுக்கவைத்திருக்கிறோம்? நோ தெரியாமல் முள்ளந்தண்டு வழியாக மருந்து கொடுத்து, குழாய்களை விரைவாகக் கழற்றி, அன்றே சாப்பாடு கொடுத்து, அன்றே கட்டிலைவிட்டு இறக்கி நடக்கவைத்தார்கள். 1995ல் முதல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு மூன்று நாளில் நோயாளிகள் வீடு போனார்கள். அதுவரை 'ஓய்வு' என்று நாம் அழைத்ததில் ஒரு பெரிய பகுதி, உடம்பிலிருந்து பாரத்தைப் பறிப்பதாகவே இருந்திருக்கிறது. அதே ஹ்விடோவ்ரே வைத்தியசாலையில் பின்னாளில் முதியவர்களின் காலில் சிறிய அளவுகருவிகளைக் கட்டிப் பார்த்தபோது, வார்ட்டில் இருந்த முதியவர்கள் நாளொன்றில் சுமார் 17 மணி நேரம் படுத்தே இருந்தார்கள் என்று 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களில் பலர் எழுந்து நடக்கக் கூடியவர்கள்.

இங்கே ஒரு வார்த்தையை இடைச்செருகலாகச் சொல்லத்தான் வேண்டும். எமது வீடுகளில் அன்பு என்பது பாரத்தைப் பறிப்பதாகவே வெளிப்படுகிறது. ஊரில் கிணற்றில் தண்ணீர் அள்ளி, முற்றம் கூட்டி, கோயிலுக்கு இரண்டு கட்டை நடந்த தாயை இங்கே கூட்டிவந்து மூன்றாம் மாடியில் இருத்துகிறோம். 'இரம்மா, நான் செய்யிறன்' என்கிறோம். தேத்தண்ணீர் கைக்கு வருகிறது, ரிமோட் கைக்கு வருகிறது. வெளியே ஆறு மாதம் இருட்டும் வழுக்கலும். இரண்டு மாரிகாலத்தின் பின் அந்தத் தாயால் படியிறங்க முடியாமற் போகும்போது 'வயசு போட்டுது' என்கிறோம். டலஸ் இளைஞருக்கு வயது போகவில்லை.

சரி, மேலே திரும்புவோம். இந்தத் துறையின் முழு வரலாற்றையும் இரண்டு தரையிறக்கங்களை அருகருகே வைத்துப் புரிந்துகொள்ளலாம். 1970 ஜூனில் சோவியத் யூனியனின் சோயுஸ் 9 கலத்தில் நிக்கொலாயேவ் (தெரெஸ்கோவாவின் கணவர்), செவஸ்தியானொவ் இருவரும் 18 நாட்கள் சுற்றிவிட்டு வந்தார்கள். திடகாத்திரமான விமானப் படையினர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர். இறங்கியபோது அவர்களால் தாமாக நடக்க முடியவில்லை. மறுபடி ஒழுங்காக நிற்கவும் நடக்கவும் பல நாட்கள் சிரமப்பட்டார்கள். இதற்கு மேல் மனிதன் விண்வெளியில் தாக்குப்பிடிக்க மாட்டான் என்ற பயம் அப்போது நியாயமாகவே எழுந்தது. இனி 1995 மார்ச் 22ஐப் பாருங்கள். வலேரி பொல்யாக்கொவ் என்ற வைத்தியர் மீர் நிலையத்தில் தொடர்ச்சியாக 437 நாட்கள் இருந்துவிட்டு இறங்குகிறார். ஒரே பயணத்தில் இதைவிட நீண்டகாலம் இன்றுவரை எவரும் இருந்ததில்லை. கலத்திலிருந்து கதிரைவரை தூக்கிச் செல்ல ஆட்கள் நின்றார்கள். அவர் அந்தச் சிறு தூரத்தை நடந்தே போனார். செவ்வாய்க்குப் போய் இறங்கும் மனிதனால் வேலை செய்ய முடியும் என்று காட்டுவதே அவரது நோக்கம்.

18 நாளில் விழுந்தவர்களுக்கும் 437 நாளில் நடந்தவருக்கும் இடையில் மனித இனம் மாறிவிடவில்லை. பொல்யாக்கொவின் இரத்தம் வேறு இரத்தமல்ல. மாறியது ஏற்பாடு. சல்யூட் நிலையங்களில் ஓடும் பட்டி வந்தது. இழுவைப் பட்டிகள் தைத்த 'பென்குயின்' உடுப்பு வந்தது, அதைப் போட்டால் நிமிர்ந்து நிற்பதற்கே தசை வேலை செய்யவேண்டும். அதன்பின் இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு பயணத்திலும் அளந்து, பிழை பிடித்து, திருத்தினார்கள். இன்றைய நிலையத்தில் ஒருவர் நாளுக்கு இரண்டு மணி, இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சிக்கென்றே ஒதுக்குகிறார். உடம்பை இழுத்துப் பிடிக்கும் பட்டிகளோடு ஓட்டம், வெற்றிடச் சிலிண்டர்களுக்கு எதிராகப் பாரம் தூக்கும் இயந்திரம், பிறகு சைக்கிள். அமெரிக்கப் பகுதியில் இருக்கும் சைக்கிள் எமது டென்மார்க்கின் ஓடென்சே நகரத்தில் செய்யப்பட்டது என்பது ஒரு சுவையான செய்தி. பாரம் தூக்கும் இயந்திரத்தின் புதிய வடிவம் 2009ளவில் பாவனைக்கு வந்தபின், நன்றாகச் சாப்பிட்டு அதை ஒழுங்காகச் செய்தவர்கள் என்பின் திணிவைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பியபின்னும் விடுவதில்லை. நாசாவில் 45 நாட்களுக்கு, நாளுக்கு இரண்டு மணி நேரம், பக்கத்தில் ஒரு பயிற்றுநரை நிறுத்திப் பழையபடி நிற்கவும் திரும்பவும் நடக்கவும் பழக்குகிறார்கள். மொகென்சன் 'இரும்பு' அல்ல என்று நான் நண்பனுக்குச் சொன்னது இதனால்தான். அவருக்குப் பின்னால் ஹூஸ்ரனிலும் கொலோனிலும் மொஸ்கோவிலும் இரவு பகலாக ஆட்கள் இருந்தார்கள். அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு நித்திரை கொண்டார், யாரோடு கதைத்தார் என்று பார்ப்பது அவர்களுடைய சம்பள வேலை.

நித்திரை என்றதும் இரவுவேலை செய்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நிலையம் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் நாளுக்கு 16 சூரிய உதயங்கள். அட்டவணையில் எட்டரை மணி நேர நித்திரை எழுதியிருந்தாலும், உண்மையில் அவர்கள் கொள்வது ஆறு மணி நேரமளவுதான் என்றும், நாலில் மூன்று பங்கினர் நித்திரைக் குளிசை பாவிக்கிறார்கள் என்றும் 2014ல் வெளிவந்த ஆய்வு ஒன்று சொன்னது. மொகென்சன் தமது காதுக்குள் ஒரு சிறு கருவியைச் செருகிக்கொண்டு உறங்கி, ஓகூஸ் பல்கலைக்கழகத்துக்காகத் தமது மூளையின் நித்திரையை அளந்தார். நிலையத்தின் விளக்குகளை, காலையில் நீலம் கூடியதாகவும் இரவில் மங்கிச் சிவந்ததாகவும் மாறக்கூடியவையாக மாற்றினார்கள். நான் நிற்கும் பட்டியின் மேலுள்ள விளக்கு இரவு பதினொரு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஒரே வெள்ளை. நீண்டகாலம் இரவுவேலை செய்த சில பெண்களுக்கு மார்புப் புற்றுநோய்க்காக நட்டஈடு கொடுக்கத் தொடங்கிய நாடும் இதே டென்மார்க்தான். அறிவு இருக்கிறது. அது எந்தக் கூரையின் கீழ் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

உடம்பை விட்டு மனதுக்கு வருவோம். இங்கே நான் அதிகம் சிந்தித்த உதாரணம் ஒன்று, தொழிலாளி என்ற முறையில் என்னைக் கவர்ந்தது. 1973 நவம்பரில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க நிலையத்துக்குக் கார், கிப்சன், போக் ஆகிய மூவர் 84 நாட்களுக்காகப் போனார்கள். மூவரும் புதியவர்கள். ஆனால் முன்பு போன குழு தனது கடைசி நாட்களில் எட்டிய வேகத்தையே கணக்கிட்டுத் தரையிலிருந்தவர்கள் இவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வேலையை அடுக்கினார்கள். நிமிடத்துக்கு நிமிடம் கட்டளை. பிழைகள் கூடின, எரிச்சல் கூடியது, அவர்கள் அட்டவணைக்குப் பின்னால் ஓடிக்கொண்டேயிருந்தார்கள். டிசம்பர் இறுதியில் மேலேயும் கீழேயும் மனம் திறந்து பேசினார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஓய்வைத் தொடுவதில்லை, அன்றாடச் சில்லறை வேலைகளை ஒரு பட்டியலாகத் தந்துவிடுவது, அவர்கள் தமக்கு வசதியான நேரத்தில் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. அதன்பின் வேலை நன்றாக ஓடியது. இதைப் பின்னர் 'விண்வெளி வேலைநிறுத்தம்' என்று எழுதினார்கள். சம்பந்தப்பட்டவர்கள் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று மறுத்தார்கள். வேலைநிறுத்தமோ இல்லையோ, நேரம் தன் கையில் இருக்கும் மனிதன் கூடத் தாங்குகிறான் என்பது பதிவாயிற்று. பட்டியின் வேகத்தைக் கண்ணாடி அறைக்குள் இருக்கும் ஒருவர் கூட்டிக் குறைக்கும் எந்தத் தொழிற்சாலையிலும் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

மனதைப் பொறுத்தவரை வேலையின் பாரத்தைவிடக் கொடியது ஒன்றுண்டு. அது திகதி. பிராங்க் ரூபியோ என்ற அமெரிக்கர் 2022 செப்ரெம்பரில் ஆறு மாதத்துக்கென்று போனார். டிசம்பரில் அவரது சோயுஸ் கலத்தின் குளிர்த்தும் திரவம் ஒழுகிப் போயிற்று. மாற்றுக் கலம் அனுப்பி, அட்டவணை முழுவதையும் மாற்றி, கடைசியில் 371 நாட்களின் பின் 2023 செப்ரெம்பர் 27ல் இறங்கினார். அவரது கடைசி மாதத்தில் மொகென்சனும் அங்கேதான் இருந்தார். ஒரு வருடம் என்று முன்பே சொல்லியிருந்தால் அநேகமாக மறுத்திருப்பேன் என்ற கருத்துப்பட ரூபியோ வெளிப்படையாகவே பேசினார். குஜராத்தி வம்சத்தவரான சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் எட்டு நாளுக்கென்று போய் 286 நாட்களின் பின் 2025 மார்ச்சில் திரும்பியதை எமது வீடுகளில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இந்த இருவருக்கும் திகதி மாறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் காரணம் சொல்லப்பட்டது, புதிய திகதி சொல்லப்பட்டது, சம்பளம் நிற்கவில்லை, குடும்பத்தோடு பேச நேரம் இருந்தது.

அகதி ஒருவன் இந்த வரலாற்றில் தேடிப்போய் நிற்கும் இடம் சேர்கேய் கிரிக்கல்யொவ். 1991 மே மாதம் சோவியத் யூனியனின் பிரஜையாக, லெனின்கிராட்காரனாக அவர் மீருக்குப் போனார். ஐந்து மாதத்தில் திரும்பவேண்டும். ஆனால் அடுத்த கலத்தில் அவருக்குப் பதிலாக வரவேண்டிய பொறியியலாளருக்கு இடமில்லை. கசகஸ்தானை மனங்குளிரவைக்க அந்நாட்டு விமானி ஒருவரும், பணம் கொடுத்த ஒஸ்ரியாவின் விருந்தினர் ஒருவரும் வந்தார்கள். அவர் தங்கிவிடச் சம்மதித்தார். செப்ரெம்பரில் அவரது நகரத்தின் பெயர் மாறியது. டிசம்பரில் அவரது நாடு இல்லாமற் போனது. அவரோடு எஞ்சியிருந்த தளபதி வொல்கொவ் பிறந்தது உக்ரேனில். ஒரே கலத்துக்குள் இருந்த இருவரின் ஊர்கள் இரண்டு நாடுகளாயின. 1992 மார்ச் 25ல், 311 நாட்களின் பின், இப்போது இன்னொரு நாடாகிவிட்ட கசகஸ்தானில் இறங்கினார்கள். 'கடைசி சோவியத் பிரஜை' என்று பத்திரிகைகள் அவரைப் பரிதாபப் பொருளாக்கின. ஆனால் அந்த மனிதர் உடையவில்லை. 1994ல் அமெரிக்க விண்ணோடத்தில் பறந்த முதல் ரஷ்யர் அவர். 2000ல் இன்றைய நிலையத்தின் முதற் குழுவிலும் இருந்தார். ஏன் உடையவில்லை? நாடு போனாலும் தரைக்குழு போகவில்லை. மொஸ்கோவின் கட்டுப்பாட்டு நிலையத்தில் அதே ஆட்கள் அதே மேசையில் இருந்து, ஒவ்வொரு நாளும் அவரைக் கூப்பிட்டார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்தில் எங்களுடைய கதை ஒன்று இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1987ல் அன்றைய டெனிஷ் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இங்கே அகதி அந்தஸ்துப் பெற்ற தமிழர்கள் மனைவி பிள்ளைகளை அழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை, சட்டம் உரிமை தந்திருந்தும், கிடப்பில் போடச் செய்தார். மறுப்பும் வரவில்லை, அனுமதியும் வரவில்லை. விஷயம் வெளியே வந்து, நீதிபதி ஹோர்ன்ஸ்லெற்றின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளியாகி, பிரதமர் பௌல் ஸ்லூற்றரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995ல் இராச்சிய நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த தண்டனை வழங்கியது. நான் அதற்குப் பல வருடங்களின் பின் வந்தவன். ஆனால் எனது தொடர்மாடியில் மேலே குடியிருக்கும் அண்ணர் ஒருவர் அந்த வரிசையில் நின்றவர். 'மூண்டு வருசம் எண்டு சொல்லியிருந்தால் மூண்டு வருசமும் இருந்திருப்பம் தம்பி' என்றார். 'அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டெல்லோ இருந்தம். பெட்டி கட்டினபடி ஒரு மனிசன் எவ்வளவு காலம் இருப்பான்?' டென்மார்க் முகாம்களில் இருந்த அகதிகள் பற்றி 2007ல் வெளியான ஆய்வு ஒன்று, முகாமில் இருக்கும் காலம் நீள நீள மனநோய்க்காக வைத்தியரிடம் அனுப்பப்படுவோரின் அளவும் கூடிச்செல்வதைக் காட்டியது. அண்ணர் இதைப் படித்திருக்கத் தேவையில்லை.

இதனால் எம்மவர்கள் தாங்கவில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். தாங்கினார்கள். ஆனால் எப்படி? அந்த அண்ணருக்குத் தரைக்குழுவாக இருந்தது ஒரே அறையில் பாய்விரித்த இன்னும் ஐந்து பேரும், சீட்டுக் காசும், ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் பெட்டியும். பிறகு மனைவி வந்தபின், அதிகாலை நாலு மணிக்கு அலுவலகம் கூட்டிவிட்டு வந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய அந்த அக்கா. மேடையில் 'எங்கட சனம் தாங்கும்' என்று சொல்லும்போது இந்த உழைப்பெல்லாம் ஒரு குணத்தின் பெயரால் மறைந்துபோகிறது. அத்தோடு, தாங்க முடியாமல் போனவன், குடித்தவன், கயிற்றைத் தேடியவன் எல்லாம் குணக்கேடன் ஆகிவிடுகிறான். விண்வெளி வைத்தியர் எவரும் அப்படிப் பேசமாட்டார். 1985ல் சல்யூட் 7ல் இருந்த தளபதி வாஸ்யுற்றின் நோய்வாய்ப்பட்டபோது பயணத்தையே இடைநிறுத்தி எல்லோரையும் கீழே கொண்டுவந்தார்கள்.

செவ்வாய்ப் பயணம் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் அங்கே அறுந்துபோகின்றன. போவதற்கு மட்டும் ஆறு முதல் ஒன்பது மாதம். பூமியின் காந்தப்புலம் தரும் பாதுகாப்பு இல்லை. 'கியூரியோசிற்றி' வண்டி போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளுக்கு 1.8 மில்லிசீவேர்ற் அளவு. நாசா ஒரு வீரரின் முழுத் தொழிற்காலத்துக்கும் வைத்திருக்கும் எல்லை 600. போய்வரும் பயணமே அந்த எல்லையைத் தொட்டுவிடும். நோய் வந்தால் திரும்ப வழியில்லை. கீழே ஒரு கேள்வி கேட்டால் அது போய்ச்சேர மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை, பதில் வர மறுபடி அவ்வளவு. மனைவியோடு ஒரு சண்டைகூட ஒழுங்காகப் போடமுடியாது.

இதை ஒத்திகை பார்க்க மொஸ்கோவில் 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர் வரை ஆறு ஆண்களைப் பூட்டிய அறைகளில் 520 நாட்கள் இருத்தினார்கள். மூன்று ரஷ்யர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஓர் இத்தாலியர், ஒரு சீனர். பேச்சுத் தாமதத்தைக்கூடச் செயற்கையாக உண்டாக்கினார்கள். எடையற்ற நிலை இல்லை, கதிர்வீச்சு இல்லை, ஆபத்தும் இல்லை. சம்பளம் இருந்தது, முடிவு நாளும் தெரிந்திருந்தது. ஆறு பேரும் கடைசிவரை இருந்தார்கள். ஆனால் கையில் கட்டியிருந்த அளவுகருவிகள் வேறு விதமாக எழுதின. பெரும்பாலானோருக்கு நித்திரையோ கவனமோ குழம்பியது. ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் பயணம் முழுவதுமே விடவில்லை. உடலிலும் மனதிலும் குறிப்பிடத்தக்க தொந்தரவு இல்லாமல் வந்தவர்கள் இருவர்தான். மாதம் போகப்போக அவர்கள் எல்லோருமாகக் குறையக் குறைய அசைந்தார்கள், கூடக் கூடப் படுத்தார்கள். கதவு திறக்கப்போகிற கடைசி நாட்களில்தான் அந்த அசைவு மறுபடி கூடியது.